படைப்பைப் போற்றக் கட்டிய மாளிகையில் டார்வின்: லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்

படைப்பா, பரிணாமமா என்ற வழக்கு வீட்டுக்குள்ளேயே நடக்கும் குடும்பங்கள் நம்மவர்களிடையே பல உண்டு. எங்கள் வீடும் அவற்றில் ஒன்று. என் அம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவர். கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்று சொல்லும், விவிலியத்தின் தொடக்க நூலான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எழுத்துக்கு எழுத்து உண்மை என்று ஏற்றிருப்பவர். நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவன். இலங்கைப் பாடநூல் ‘கூர்ப்பு’ என்றும் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘பரிணாமம்’ என்றும் சொல்லித்தரும் கோட்பாட்டை ஆதாரங்களைப் பார்த்து ஏற்றுக்கொண்டவன். பல ஆண்டுகளாக இந்தப் பேச்சு எங்களுக்குள் எழும். எழும்போதெல்லாம் ஒருவர் குரலை உயர்த்த, மற்றவர் எழுந்து போய்விடுவதில் முடியும். சென்ற கோடையில் அம்மாவைத் தென் கென்சிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். இந்த வழக்கைப் பற்றி அறிய விரும்புகிறவர் எந்தப் பக்கத்தில் நின்றாலும் ஒரு முழு நாளை அங்கே செலவிட வேண்டும் என்று அன்றுதான் உறுதியாக உணர்ந்தேன். டைனோசரைப் பார்ப்பதற்காக மட்டும் போகிறவர்களுக்கு வழிகாட்ட வேறு மதிப்புரைகள் நிறைய இருக்கின்றன. இந்த ஒரு வழக்கை மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே எதை, எந்த ஒழுங்கில் பார்க்கலாம் என்பதையே நான் எழுதுகிறேன்.

முதலில் கட்டடத்தையே பார்க்க வேண்டும். உள்ளே போகும் அவசரத்தில் பெரும்பாலோர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். 1881 ஏப்ரல் 18ஆம் தேதி திறக்கப்பட்ட இந்த மாளிகையை வரைந்தவர் ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ். இது தனியொரு நிறுவனமாக எழ வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடியவர், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவுகளுக்குப் பொறுப்பாக இருந்த ரிச்சர்ட் ஓவன். ‘டைனோசர்’ என்ற பெயரை 1842இல் உலகுக்குத் தந்தவரும் அவரே. இயற்கை என்பது படைத்தவனின் ஞானத்துக்குச் சாட்சி என்று நம்பிய ஓவன் அந்தச் சாட்சியத்துக்கு ஒரு பேராலயம் எழுப்பவே விரும்பினார். உயர்ந்த கோபுரங்களும் அரைவட்ட வளைவுகளும் கொண்ட வாசலின் முன்னே நின்றதும் அம்மா தம்மையறியாமல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். தேவாலயத்துக்குள் நுழையும்போது அவர் வழக்கமாகச் செய்வது அது. ஓவன் உயிரோடிருந்து அதைக் கண்டிருந்தால் மனம் நிறைந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

சுவர் முழுவதும் சுடுமண்ணில் வார்த்த விலங்குகளும் செடிகொடிகளும் நிறைந்திருக்கின்றன. அவற்றின் வைப்பில் ஒரு வாதம் ஒளிந்திருக்கிறது. ஓவனின் விருப்பப்படி மேற்குச் சிறகில் இன்று வாழும் உயிரினங்களின் உருவங்களும், கிழக்குச் சிறகில் அழிந்துபோனவற்றின் உருவங்களும் தனித்தனியே வைக்கப்பட்டன. அழிந்தவற்றிலிருந்தே இன்றுள்ளவை வந்தன என்று டார்வின் 1859இல் வெளியிட்ட நூல் சொல்லியிருக்க, இந்த இரண்டையும் கலக்காத ஒரு கட்டடம் 22 ஆண்டுகள் கழித்துத் திறக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வெளிப்புறத்தை ஒரு சுற்று சுற்றி வந்தால், கல்லும் மண்ணும்கூட அந்தக் காலத்து விவாதத்தில் பங்கெடுத்திருப்பது விளங்கும். ஆனால் ஓவனை இன்றைய ஆறு நாள் படைப்புவாதியாக எண்ணிவிடக் கூடாது. பூமி மிகப் பழமையானது என்பதையும் எண்ணற்ற இனங்கள் அழிந்தன என்பதையும் அவர் முழுமையாக ஏற்றிருந்தார். இனங்கள் எப்படித் தோன்றின என்பதில்தான் அவருக்கும் டார்வினுக்கும் பிணக்கு.

அந்தப் பிணக்கின் மையத்தை விளங்கிக்கொள்ள உள்ளே நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். 2017 முதல் அங்கே ஒரு நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, ஆழத்தை நோக்கிப் பாயும் நிலையில் தொங்குகிறது. 25.2 மீட்டர் நீளமும் நாலரை டன் எடையும் உள்ள இது, 1891இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்ட் கரையில் ஒதுங்கிய உயிரின் எலும்பு. எல்லோரும் தலையையும் விலாவையும் படமெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது துடுப்பு. அம்மா சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “தம்பி, இது கையெல்லோ?” என்று கேட்டார். கைதான். தோளிலிருந்து ஓர் எலும்பு, அதன் கீழே இரண்டு, பிறகு மணிக்கட்டுச் சிற்றெலும்புகள், பிறகு விரல்கள் என்று நம் கையில் உள்ள அதே வரிசை, நீந்துவதற்காகக் குறுகியும் தட்டையாகியும் அங்கே கிடக்கிறது. வௌவாலின் இறக்கையிலும் அகழெலியின் முன்காலிலும் இதே வரிசையைக் காணலாம்.

இந்த ஒற்றுமைக்கு 1843இலேயே தெளிவான வரையறை தந்தவர், டார்வினுக்கு எதிரணியில் நின்ற அதே ஓவன்தான். வெவ்வேறு விலங்குகளில் வடிவமும் வேலையும் எவ்வளவு மாறினாலும் உறுப்பு ஒன்றே என்று அவர் சொன்னார். முதுகெலும்புள்ள எல்லா உயிர்களுக்கும் ஒரு மூலமாதிரி இறைவனின் எண்ணத்தில் இருந்தது, அந்த மாதிரியின் வேறுபாடுகளே நாம் காணும் உயிர்கள் என்பது அவருடைய விளக்கம். டார்வின் அந்த எலும்புகளையே எடுத்துக்கொண்டு, எண்ணத்தில் இருந்த மாதிரிக்குப் பதிலாக மண்ணில் நடமாடிய ஒரு மூதாதையை அந்த இடத்தில் வைத்தார். தம்பிமாருக்கும் அக்காமாருக்கும் ஒரே மூக்கு வாய்ப்பதற்குப் பாட்டன் காரணமாக இருப்பதைப் போல, திமிங்கிலத்துக்கும் மனிதருக்கும் ஒரே கை வாய்த்ததற்குப் பொதுவான முன்னோர் காரணம் என்றார். பிணக்கு எலும்பைப் பற்றியதே அல்ல, எலும்பின் வரலாற்றைப் பற்றியது. இதை எத்தனையோ முறை வாயால் சொல்லி விளக்க முயன்று தோற்ற நான், அந்தத் துடுப்பின் கீழே நின்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தேன்.

“ஒரே குயவன் செய்தால் பானைகள் ஒரே மாதிரி இருக்கும்தானே” என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி. ஓவனின் கேள்வியும் ஏறத்தாழ அதுதான். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், ஒற்றுமை மட்டும் போதாது, பயனற்ற மிச்சங்களையும் பார்க்க வேண்டும். திமிங்கிலத்துக்குப் பின்னங்கால் இல்லை. ஆனால் முதுகெலும்போடு சேராமல் தசைக்குள் புதைந்த சிறிய இடுப்பெலும்புகள் உண்டு. இனப்பெருக்க உறுப்புகளின் தசைகளுக்கு அவை உதவுவதால் முற்றிலும் வேலையற்றவை என்று சொல்ல முடியாது. எனினும் கால் இல்லாத உடலில் அந்த வேலைக்கு இடுப்பெலும்பு ஏன் வர வேண்டும் என்பதற்குக் குயவன் உவமை பதில் தருவதில்லை. காலுள்ள மூதாதை பதில் தருகிறது. அந்த மூதாதை எப்படி இருந்திருக்கும் என்பதைக் காட்டும் புதைபடிவங்கள் நம் துணைக்கண்டத்திலேயே கிடைத்தன. பாகிஸ்தானில் கிடைத்து 1981இல் விவரிக்கப்பட்ட பாக்கிசீட்டஸ் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நான்கு கால்களோடு வாழ்ந்த உயிர். அதன் காதெலும்பு திமிங்கிலத்தின் காதெலும்பு. காஷ்மீரில் கிடைத்த, சிறு மானைப் போன்ற இன்டோஹையஸ், திமிங்கிலங்களுக்கு மிக நெருங்கிய உறவு என்று 2007இல் தெரியவந்தது. ஆதாரம் இப்படித் திரண்டு வருவதுதான் என்னை ஏற்கச் செய்தது என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. துடுப்பை இன்னொரு முறை பார்த்தார்.

கூடத்தின் மறுகோடியில், படிக்கட்டின் முதல் தளத்தில், வெள்ளைச் சலவைக்கல்லில் டார்வின் அமர்ந்திருக்கிறார். ஜோசஃப் போம் செதுக்கிய இந்தச் சிலை 1885 ஜூன் 9ஆம் தேதி இங்கே திறக்கப்பட்டது. அன்று பேசிய தாமஸ் ஹக்ஸ்லி, டார்வினின் கருத்துக்கு அதிகாரிகள் முத்திரை குத்தியதற்கு அடையாளமாக இதை வைக்கச் சொல்லவில்லை, அறிவியல் அப்படிப்பட்ட முத்திரைகளை ஏற்பதில்லை, விசுவாசப் பிரமாணம் ஒன்றைச் சுமந்துகொள்ளும் நாளில் அது தன்னையே மாய்த்துக்கொள்ளும் என்ற கருத்தில் பேசியிருக்கிறார். டார்வினுக்காக யாரோடும் மோதத் தயங்காத ஒருவர் வெற்றி நாளில் இப்படிப் பேசியது எனக்கு இன்றும் நெகிழ்ச்சி தருகிறது. பரிணாமத்தை ஒரு மதத்தைப் போலப் பிடித்துக்கொண்டு பெற்றோரை ஏளனம் செய்யும் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் அந்தப் படிக்கட்டில் நின்று இதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1927இல் ஓர் இந்திய யானைக்கு இடம் விட்டு டார்வின் சிலை இங்கிருந்து அகற்றப்பட்டது. பிறகு அந்தப் படிக்கட்டில் ஓவனின் வெண்கலச் சிலை நெடுங்காலம் நின்றது. டார்வின் பிறந்த இருநூறாம் ஆண்டை முன்னிட்டு 2008இல்தான் அவர் தம் பழைய இருக்கைக்குத் திரும்பினார்.

அந்தப் படியில் உட்கார்ந்து டார்வினின் வாழ்க்கையைச் சுருக்கமாக அம்மாவுக்குச் சொன்னேன். பாதிரியாராவதற்காகக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டவர், 1851இல் பத்து வயது மகள் ஆனியைப் பறிகொடுத்தவர், கடவுளை நம்புகிறவர் பரிணாமத்தையும் ஏற்க முடியும் என்பதில் தமக்கு ஐயமில்லை என்று 1879இல் ஒரு கடிதத்தில் எழுதிவிட்டு, தம்மைப் பொறுத்தவரை ‘அறியவொண்ணாமைவாதி’ (கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர்) என்ற சொல்லே பொருந்தும் என்று அதிலேயே குறித்தவர், 1882இல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். சபையில் அவரைப் பற்றிக் கேட்டவற்றில் இவை எதுவும் இல்லை என்றார் அம்மா. பிள்ளையை இழந்தவர் என்பது அவரைத் தொட்டது. நாலு வயதான என் அண்ணனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர் அவர்.

மாடியில் உள்ள பொக்கிஷக் கூடம் சிறிய அறை. நேரம் குறைவாக இருந்தால் மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். டார்வினின் நூலின் முதற்பதிப்பும் அவர் வளர்ப்புப் புறாக்களை ஆராய்ந்த வேலைக்குச் சாட்சியான பறவையும் அங்கே உண்டு என்றாலும், அறையின் உயிர் ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற புதைபடிவம்தான். ஜெர்மனியின் ஜோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக் கல்லில் 1861இல், அதாவது டார்வினின் நூல் வந்து இரண்டே ஆண்டில், இது வெளிப்பட்டது. பறவையைப் போல விரிந்த சிறகு, ஊர்வனவற்றைப் போல எலும்பு கோத்த நீண்ட வால், இறக்கை நுனியில் நகமுள்ள விரல்கள் என்று மூன்றையும் கண்ணாலேயே எண்ணிப் பார்க்கலாம். சுமார் 15 கோடி ஆண்டுப் பழமை கொண்டது. இதை வேறு சில புதைபடிவங்களோடு சேர்த்து 700 பவுண்டுக்கு 1862இல் வாங்கச் செய்தவர் ஓவன். அவரே அதை ஆராய்ந்து, பறவைதான் என்று 1863இல் விவரித்தார். தம் கொள்கைக்கு எதிராகப் பேசக்கூடிய சான்று என்று அதை அவர் ஒதுக்கிவிடவில்லை, பெரும் பணம் கொடுத்து நாட்டுக்கு வாங்கி வைத்தார். ஓவனிடம் குறைகள் இருந்தன. டார்வினின் நூலைத் தம் பெயரிடாமல் கடுமையாக விமர்சித்தவர் அவர். ஆயினும் இந்தக் கண்ணாடிப் பேழையின் முன்னே அவரை வணங்கத் தோன்றுகிறது.

அம்மா கைப்பையில் எப்போதும் ஒரு துண்டுப்பிரசுரம் வைத்திருப்பார். ஏதோ ஒரு கூட்டத்தில் கொடுத்தது. அதில் முதல் வாதமே பில்ட்டவுன் மனிதன். மனித இனத்தின் தோற்றத்தைச் சொல்லும் கூடத்துக்குப் போனபோது அதை எடுத்துக் காட்டினார். குற்றச்சாட்டு உண்மையானது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. 1912இல் சார்ல்ஸ் டாசன் என்பவரும், இதே அருங்காட்சியகத்தின் புவியியல் பொறுப்பாளராக இருந்த ஆர்தர் ஸ்மித் உட்வர்டும் அறிவித்த அந்த ‘ஆதி மனிதன்’, மனித மண்டையோட்டையும் ஒராங்குட்டானின் தாடையையும் சேர்த்து, பல்லை அராவி, சாயம் ஏற்றிச் செய்த மோசடி. 41 ஆண்டுகள் அறிஞர்கள் பலரை அது ஏமாற்றியது. ஆனால் பிரசுரம் அங்கேயே நின்றுவிடுகிறது. அதை 1953இல் அம்பலப்படுத்திய மூவரில் கென்னத் ஓக்லி இதே அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். புதைந்த எலும்பு நிலத்தடி நீரிலிருந்து ஈர்க்கும் ஃபுளோரினை அளந்து, இவை சொல்லப்பட்ட அளவு பழையவை அல்ல என்று முதலில் காட்டியவர். இந்தப் பின்பாதியைச் சொல்லாமல் முன்பாதியை மட்டும் அச்சிட்டுக் கொடுப்பது, எந்த நம்பிக்கைக்கும் பெருமை சேர்க்கும் செயலன்று என்று அம்மாவிடம் சற்று அழுத்தமாகவே சொன்னேன்.

அந்தக் கூடத்தில் மற்றவற்றை விரைவாகக் கடந்தோம். சோமர்செட்டின் செடர் குகையில் 1903இல் கிடைத்த, சுமார் 10,000 ஆண்டுப் பழைய மனிதனின் எலும்புக்கூட்டின் முன்னே மட்டும் நின்றோம். அவன் மரபணுவை ஆராய்ந்தவர்கள், கருமையான தோலும் நீலக் கண்ணும் அவனுக்கு இருந்திருக்கலாம் என்று 2018இல் கூறினார்கள். எங்களைப் போன்ற நிறத்தவர் பிரிட்டனுக்குப் புதியவர்கள் என்று நினைத்திருந்த அம்மாவுக்கு அது வியப்பு.

ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். இந்த அருங்காட்சியகம் கடவுள் உண்டா இல்லையா என்று எங்கும் வாதிடுவதில்லை. வாதிடாமல் இருப்பதே சரி. இயற்கைத் தேர்வை, அதாவது சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துப் பெருகுவதால் இனங்கள் மாறுகின்றன என்ற விளக்கத்தை, டார்வினைப் போலவே தனியாகக் கண்டறிந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸுக்கு, அவர் மறைந்து நூறாண்டு நிறைந்த 2013இல் இங்கே வெண்கலச் சிலை வைத்தார்கள். அந்த வாலஸ், மனித மனத்தை இயற்கைத் தேர்வால் மட்டும் விளக்க முடியாது, அதற்குமேல் ஓர் அறிவின் வழிநடத்தல் வேண்டும் என்று 1869 முதல் எழுதிவந்தவர். அதைப் படித்து டார்வின் வருந்தினார். கண்டுபிடித்த இருவருக்குள்ளேயே இந்த வழக்கு தீராமல் இருந்திருக்கிறது. மனித உடலின் பரிணாமத்தை ஆராயலாம், ஆன்மாவை இறைவன் நேரடியாகப் படைக்கிறார் என்று கத்தோலிக்கத் திருச்சபை 1950இல் போப் பன்னிரண்டாம் பயஸ் வழியாகச் சொன்னது ஏறத்தாழ வாலஸ் நின்ற இடத்துக்கு அருகில்தான் இருக்கிறது. நம் சைவ நண்பர்கள் சிலர், மாணிக்கவாசகர் புல், பூடு, புழு, மரம் என்று பிறவிகளை அடுக்கியதே பரிணாமம் என்று சொல்வார்கள். அவர் பாடியது ஓர் ஆன்மா பிறந்து பிறந்து இளைத்ததை. டார்வின் எழுதியது இனங்கள் தலைமுறை தலைமுறையாக மாறியதை. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுக்குமே நியாயம் செய்தவர்களாக மாட்டோம்.

திரும்பும்போது 2024இல் புதுப்பித்துத் திறந்த தோட்டத்தின் வழியே நடந்தோம். கிழக்குப் பக்கத் தோட்டம் பூமியின் வரலாற்றையே நடைபாதையாக்கியிருக்கிறது. ஒவ்வொரு மீட்டரும் 50 லட்சம் ஆண்டு. நிலக்கீழ் ரயில் நிலையத்தின் சுரங்கப்பாதையிலிருந்து வருகிறவர்கள் 270 கோடி ஆண்டுப் பழைய பாறைகளில் தொடங்கி இன்றைய நாளை நோக்கி நடப்பார்கள்; நாங்கள் எதிர்த்திசையில், இன்றிலிருந்து பின்னோக்கி நடந்தோம். நம் மனித இனத்தின் 3 லட்சம் ஆண்டுகள் இந்த அளவில் 6 சென்டிமீட்டர், என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று பதினேழாம் நூற்றாண்டில் கணக்கிட்ட பேராயர் ஜேம்ஸ் அஷரின் ஆறாயிரம் ஆண்டு, ஒரு மில்லிமீட்டரை விடச் சற்று அதிகம். அம்மா அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் நடந்தார். டைனோசர்கள் அழிந்த காலம் 13 மீட்டரில் வந்தது. அதையும் தாண்டி, பெரணிகளும் மரப் பெரணிகளும் அடர்ந்த பகுதியில், ஒரு கல்லில் உட்கார்ந்தார். “ஆண்டவருக்கு அவசரம் ஒண்டும் இருக்கேல்லைப் போல” என்றார். அது என் கருத்தை ஒப்புக்கொண்ட வாக்கியம் அன்று என்பது எனக்குத் தெரியும். அவர் தம் நம்பிக்கையோடுதான் அந்தக் கல்லிலிருந்து எழுந்தார். நான் என் முடிவோடு எழுந்தேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். நுழைவு இலவசம், ஆனால் நேரத்தை முன்பதிவு செய்துகொள்வது நல்லது. காலை 10 மணி முதல் மாலை 5.50 வரை திறந்திருக்கும். டிசம்பர் 24 முதல் 26 வரை மூடியிருக்கும். பாடசாலை விடுமுறை நாள்களில் கூட்டம் மிகுதி, ஆகவே முதியவர்களோடு போகிறவர்கள் தவணைக் காலத்தில் ஒரு வார நாளின் காலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். படியேற இயலாதவர்களுக்கு மின்தூக்கி உண்டு. முதல்முறை போகிறவர்கள் சுரங்கப்பாதை வழியாக வந்து தோட்டத்தைப் பழங்காலத்திலிருந்து நடப்பதே இயல்பான ஒழுங்கு. இருந்தாலும் நம்பிக்கையுள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் முதலில் கட்டடத்தையும் திமிங்கிலத்தையும் காட்டிவிட்டு, தோட்டத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அம்மா அடுத்த மாதம் தம் சபைத் தோழிகள் இருவரோடு மீண்டும் போகிறார். திமிங்கிலத்தின் கையை அவர்களுக்குத் தாமே காட்ட வேண்டுமாம். எலும்புகளின் வரிசையை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.